கிட்டாரும் கிட்டாத எதிர்ப்பும்

உலகப் புகழ் பெற வேண்டுமானால் முதலில் வீட்டில் பெரிய சண்டை ஒன்று நடந்தாக வேண்டும். இந்த உண்மை கண்ணாடிக்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது.

ராக் இசையில் கொடிகட்டிப் பறந்த மூன்று கிட்டார் கலைஞர்கள் எப்படி ஆரம்பித்தார்கள் என்று ஓர் ஆவணப்படம். முதல் ஆளின் கிட்டாரை அவருடைய அப்பா அடுப்பில் வைத்தார். இரண்டாவது ஆளை அம்மா வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அவர் பஸ் நிலையத்தில் படுத்தபடியே முதல் மெட்டைப் போட்டார். மூன்றாமவரிடம் அவர் மனைவி, "நானா, அந்தக் கட்டையா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் கட்டையைத் தேர்ந்தெடுத்தார். இப்போது சொந்தமாக விமானம் வைத்திருக்கிறார்.

கண்ணாடிக்காரர் காலை முதல் சாயங்காலம் வரை கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று ஊரார் கண்ணைச் சோதிப்பவர். தன் வாழ்க்கை ஏன் இப்படி மங்கிப் போனது என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெளிந்தது. இதுவரை அவரை யாருமே எதிர்க்கவில்லை!

மறுநாளே ஒரு கறுப்புக் கிட்டார் வாங்கினார். வழியெல்லாம் வீர வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார்.

கதவைத் திறந்தவள் மனைவி. மின்சார அலுவலகத்தில் புகார் கவுண்டர் அவளுடையது. கரண்ட் போன ஆத்திரத்தில் மேசையைக் குத்துகிறவர்களைத் தினமும் சிரித்தபடியே அனுப்பிவைப்பவள்.

"என்னங்க அது?"

"கிட்டார்! கத்துக்கப் போறேன். யார் தடுத்தாலும் கேக்க மாட்டேன்!"

"யாரு தடுக்கறா? ரொம்ப நல்லது."

"என்னது?"

"நல்லதுன்னு சொன்னேன்."

"சத்தம் வரும்!"

"வரட்டுமே."

"வீட்டு வேலை ஒண்ணும் பாக்க மாட்டேன்!"

"எப்போ பாத்தீங்க?"

மிச்சமிருந்த வீர வசனத்தைக் கிட்டாரோடு சேர்த்து மூலையில் சாத்தினார்.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுமுன்பே கூடத்தில் நாற்காலி தயாராக இருந்தது. ரிமோட்டைக் காணோம்.

"மேட்ச் ஓடுதே, ரிமோட் எங்க?"

"கலைஞனுக்கு மேட்ச் எதுக்குங்க? உக்காந்து வாசிங்க."

சீட்டாட வந்த நண்பர்களை, "அவர் சாதகம் பண்றாருண்ணே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அவர்களும் நோயாளி வீட்டிலிருந்து போவதுபோல் அடிமேல் அடி வைத்துப் போனார்கள். கண்ணாடிக்காரரின் விரல் நுனியெல்லாம் கொப்புளம். கடையில் லென்ஸைத் தொட்டதும் வலியில் "ஆ" என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் பணிவாக வாயைத் திறந்து காட்டினார்.

கடைசி நம்பிக்கை மாடி வீட்டு வக்கீல். பக்கத்து வீட்டில் பலமாகத் தும்மினாலே நோட்டீஸ் அனுப்புகிறவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்து, கம்பிகள் அலறும்படி இழுத்தார். படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க சார்! தொந்தரவா இருக்கா? கேஸ் போடப் போறீங்களா?"

"சேச்சே! உங்க வீட்டம்மா எல்லாம் சொன்னாங்க. நீங்க வாசிங்க" என்ற வக்கீல், காதுக் கருவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எதிரே அமர்ந்தார். "அருமை!" என்றார். கண்ணாடிக்காரர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அதற்குள் மனைவி போனை நீட்டினாள். "அம்மா கேக்கணுமாம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். அந்தப் பக்கம் மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ளே, ஏதோ கதவு கிறீச்சிடுது. கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டு வாசிங்களேன்" என்றார்.

வக்கீல் போனதும் கண்ணாடிக்காரர் உடைந்துவிட்டார்.

"ஏம்மா, என்னைக் கொஞ்சம் திட்டேன்."

"எதுக்குங்க?"

"சும்மா, ஒரே ஒரு தடவை. 'நானா, கிட்டாரா'ன்னு கேளு."

"கிட்டார்தாங்க. அதுல என்ன சந்தேகம்? நான் குறுக்க நிக்கவே மாட்டேன்." அவள் அவர் தோளைத் தட்டினாள். "எங்க ஆபீஸ் ஆண்டு விழாவுல நீங்க வாசிக்கறதா பேர்கூட குடுத்துட்டேன். பயப்படாதீங்க. முன் வரிசை முழுக்க எங்க புகார் பிரிவுதான். எதையும் தாங்குவாங்க."

மறுநாள் மத்தியானமே கண்ணாடிக்காரர் கம்பி நீட்டினார். ஆறு கம்பியையும் தூக்கிக்கொண்டு நேரே இசைக்கருவிக் கடைக்கு ஓடினார். மணிக்கட்டு சுளுக்கு, டாக்டர் கண்டிப்பு, ஆறு மாத ஓய்வு என்று மூன்று பொய்களை முறையாக அடுக்கி வைத்திருந்தார்.

கடைக்காரர் ஒன்றையும் கேட்கவில்லை. கிட்டாரை வாங்கித் துடைத்து, சுவரில் காலியாக இருந்த கொக்கியில் மாட்டினார்.

"இந்த இடத்துல வேற எதையும் மாட்டாதீங்கன்னு, நீங்க வாங்கிட்டுப் போன அன்னிக்கே உங்க வீட்டம்மா போன் பண்ணிட்டாங்க சார். ஆனா வெள்ளிக்கிழமையே வந்துருவீங்கன்னாங்க. பரவால்ல, திங்கக்கிழமை வரைக்கும் தாங்கிட்டீங்களே!"