எரிக்கச் சொல்லி மன்றாடியவர்கள்

முன்வரிசை நடுவில் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த வெள்ளைக்காரச் சுவாமியார். அவருக்கு வலப்பக்கம் தமிழ்ப் பணிக்குழுத் தலைவர் கிறிஸ்துராஜா, இடப்பக்கம் உபதலைவி அஞ்சலீனா. பின்னால் எண்பத்தாறு பேர். தேநீர் மேசையருகே செயலாளருக்கு உதவியாளான துசியந்தி. செயலாளர் பெனடிக்ற் புரொஜெக்டரோடு நின்றார். யார் வந்தார், எங்கே இருந்தார் என்று குறித்துவைப்பது அவருடைய பத்தொன்பது வருடப் பழக்கம்.

படம் தொடங்கி நாலாம் நிமிடம் தலைவர் எழும்பி வந்தார்.

"பெனடிக்ற், சத்தம் வரேல்லை."

"இது ஊமைப்படம் அண்ணை. அந்தக் காலத்தில சத்தமே இல்லை."

"எனக்கு விளங்கும். சனத்துக்கு?"

கடவுளின் குரல் கேட்டதாகச் சொன்ன ஒரு பெண்ணைத் திருச்சபை விசாரித்து எரித்துவிட்டு, பிறகு அவளையே புனிதையாக்கிய கதை. தவக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை என்று கூட்டத்தில் வாதாடி வென்றவர் பெனடிக்ற்தான். இப்போது செவன் கிங்ஸ் பங்குச் சனம் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெனடிக்ற் கீபோர்ட்காரன் நிர்மலனைப் பிடித்து வாசிக்கவிட்டார். அவனுக்குக் கலியாண வரவேற்பு இசை மட்டும்தான் வரும். அந்தப் பெண்ணின் தலைமயிரை வெட்டும்போது மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. பின்வரிசை சிரித்தது.

பெனடிக்ற் அடுத்த வழியை எடுத்தார். திரையில் வரும் ஆங்கில வசனங்களைத் தமிழில் எழுதிவைத்திருந்தார்; அந்தத் தாள்களைத் தலைவரிடம் நீட்டினார். தலைவருக்கு மைக்கில் தெரிந்தது ஒரே குரல், ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கும் குரல்.

"இவள் திருச்சபைக்குக் கீழ்ப்படிய மறுத்தாள்" என்று வாசித்து, வழக்கம்போலச் சனத்தின் பதிலுக்காகச் சற்று நிறுத்தினார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது மண்டபம்.

பெனடிக்ற் நிறுத்தும்படி இரண்டு கையையும் உயர்த்தினார். இன்னும் உரக்க வாசிக்கச் சொல்வதாகத் தலைவர் எடுத்துக்கொண்டார். திரையில், வாசிக்கத் தெரியாத அந்தப் பெண்ணிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். தலைவர் அடுத்த தாளைப் புரட்டினார்.

"இவளை நெருப்பில் இடுவோமாக."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

மன்றாட்டு உடனே கேட்டருளப்பட்டது. திரையில் தீ மூட்டினார்கள்.

சனத்தின் பக்தியில் உருகிப்போன சுவாமியார், என்ன மன்றாடுகிறார்கள் என்று அஞ்சலீனாவிடம் கேட்டார். அஞ்சலீனா பொய் பேசாதவர்.

இரண்டு கிழமையில் மறைமாவட்ட அலுவலகம் விளக்கம் கேட்டு எழுதியது. பணிக்குழு கூடியது. மேசைக்கு ஒருபக்கம் ஐந்து பேர். மறுபக்கம் பெனடிக்ற் தனியே. தன்மீதான விசாரணைக்கும் அவரே குறிப்பெழுதினார்.

"அந்த வசனங்களை ஆர் எழுதினது?" என்றார் தலைவர்.

"நான்தான். ஆனா வாசிச்சது நீங்கள்."

"தந்ததை வாசிச்சன். உம்மட எழுத்தை நான் எப்ப யோசிச்சுப் பாத்தனான்?"

பத்தொன்பது வருடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. செயலாளரே குற்றவாளி, அவரை நீக்குகிறோம் என்று அலுவலகத்துக்கு அறிவிக்கத் தீர்மானித்தார்கள். ஆனால் முறையான ஆங்கிலக் கடிதம் எழுத அங்கே வேறு ஒருவருக்கும் வராது.

"நீரே எழுதிவிடும்" என்றார் தலைவர், கொஞ்சம் கூச்சத்தோடு.

பெனடிக்ற் எழுதினார். திகதி, தொடர் இலக்கம், மூன்று பந்தி. தலைவரின் கண்ணாடி காருக்குள் கிடந்தது. அஞ்சலீனாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எப்போதும்போல பெனடிக்ற் விரல் காட்டிய இடத்தில் ஐந்து பேரும் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள்.

கடிதத்தை மடித்து உறையிலிட்டு ஒட்டும் வேலை துசியந்தியுடையது. அன்று அதற்கு வழக்கத்தைவிடக் கூடிய நேரம் எடுத்தாள். பிறகு இருவருமாகச் சந்திவரை நடந்தார்கள். பெனடிக்ற் கடிதத்தைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டு, அது விழும் சத்தம் கேட்கும்வரை நின்றார்.

"அண்ணை, நான் வாசிச்சுப்போட்டுத்தான் ஒட்டினனான்" என்றாள் துசியந்தி. "கையெழுத்து வைச்ச ஐஞ்சு பேரும் ராஜினாமா எண்டல்லோ அதில கிடக்கு."