பாஸ்பேட் சாருக்கு நான் குத்திய சீட்டுகள்

ஓடும் பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓர் உயிரணுவின் உட்புறம் முழுவதையும் விளக்கக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பாஸ்பேட் சார். எண்பதுகளில் விழுப்புரத்தில் எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆசிரியர். நான் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். இருவரும் தினமும் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து போகிறவர்கள்.

ஒருநாள் மாலை கண்டக்டர் விசில் மேல் விசில் அடித்தும் டிரைவர் நிறுத்தவில்லை. சாருக்கு உற்சாகம் பொங்கியது.

"பாத்தீங்களா! செல்லுக்கு வெளிய ஹார்மோன் வந்து தட்டும். செல்லோட தோல்ல இருக்கற ஏற்பி அத வாங்கி உள்ள சேதி அனுப்பும். ஓயாம தட்டிக்கினே இருந்தா, உள்ள இருக்கற கைனேஸ்ன்ற நொதி, ஏற்பியோட வால்ல பாஸ்பேட்ட ஒட்டிடும். அப்பறம் எவ்ளோ தட்டினாலும் கண்டுக்காது."

"சார், உங்க ஸ்டாப்புக்குத்தான் விசில் அடிச்சிக்கினு இருந்தேன்," என்றார் கண்டக்டர்.

வகுப்பில் மாணவர்களை ஏற்பிகளாக நிறுத்தி, சட்டை வாலில் துணிக் கிளிப் மாட்டுவார். கிளிப் மாட்டியவன் யார் கூப்பிட்டாலும் பேசக் கூடாது. பிரின்சிபாலே வந்து அதட்டியும் நாலு பேர் வாய் திறக்கவில்லை.

அந்தக் கிளிப் விளக்கத்தைச் சென்னையில் ஓர் ஆய்வரங்கில் செய்துகாட்ட அழைப்பு வந்தது. அவர் வாழ்க்கையில் வந்த ஒரே அழைப்பு. அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். துறைத் தலைவர் வழியாக வரவில்லை என்று திருப்பினேன். பிறகு, இடப்பக்கம் ஓரம் விடவில்லை. பிறகு, அழைப்பிதழின் நகல் இரண்டு இல்லை. ஒவ்வொரு முறையும் கடைசித் தாளின் அடியில் குறிப்புச் சீட்டு குத்தினேன். நான்காவது முறை எல்லாம் சரியாக இருந்தது, ஆய்வரங்கு முடிந்திருந்தது. அதையும் எழுதிக் குத்தினேன்.

சார் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதாங்க கைனேஸ்."

"திட்றீங்களா?"

"சேச்சே. அது அதோட வேலைய ஒழுங்கா செய்யுதுங்க."

அதன் பிறகு அவர் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. கிளிப்புகளும் வகுப்புக்கு வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நானே ஒருமுறை, "சார், விசில் அடிக்கிறாரு பாருங்க," என்றேன்.

"ஆமாங்க," என்று சொல்லி இறங்கிப்போனார்.

ஒட்டிய பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்க வேறொரு நொதி உண்டு, பிரித்தால் ஏற்பி மறுபடி கேட்கும் என்றும் முன்பு சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்த விதிகளில் குத்துவதற்குத்தான் வழி இருந்தது.

இன்றும் எப்போதாவது அந்த பஸ்ஸில் போகிறேன். கண்டக்டர் எத்தனை முறை விசில் அடித்தாலும், ஒவ்வொரு முறையும் ஜன்னலோர சீட்டைத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.