ஓரெஸ்ட்டுக்கு ஒரு பிக்கப் தேவைப்படுகிறது

பிக்கப் வண்டி வாங்குகிறவர்கள் ஓர் இனம். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் முற்றிலும் வேறு இனம். முதல் இனத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காசைக் கொடுப்பார்கள், சாவியை வாங்குவார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது? இரண்டாவது இனத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நடைபாதை ஓரமாக நிறுத்தியிருக்கும் பழைய வண்டியைக் கண்டால் அவர்களுடைய நடை தானாகத் தளரும். பேச்சு பாதியில் நிற்கும். கை மெல்ல இடுப்புக்குப் போகும். பிறகு, யாரும் எதுவும் கேட்காதபோதே, "சும்மா பார்த்தேன்" என்பார்கள்.

எங்கள் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இந்த இனம் செழித்து வளர்வதற்குக் காரணம் உண்டு. இங்கே ஓர் ஆண்பிள்ளை எதையும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. ஆசையெல்லாம் குழந்தைகளுக்கும் கால்கரி மாதிரிப் பெருநகரத்துக்காரர்களுக்கும். எங்களுக்கு இருப்பது தேவை மட்டும். ஏரியில் விட மோட்டார் படகு தேவை, பனியில் ஓட்ட ஒரு வண்டி தேவை, சேற்றில் ஓட்ட இன்னொன்று தேவை, பீர் வைக்க கராஜில் இரண்டாவது பிரிட்ஜ் கட்டாயத் தேவை. "ஆசையா இருந்துச்சு, வாங்கினேன்" என்று சொன்ன ஒருவரை நான் இந்த ஊரில் இதுவரை சந்தித்ததில்லை.

எங்கள் சிற்றூரான காம்ரோஸில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஓரெஸ்ட் ஹ்ரின்சுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியவர், மினிவேன் ஓட்டுகிறவர், தொழில் நிமித்தமாகத் தூக்கும் பளு ஒரு டப்பா கண்ணாடிச் சட்டத்தை மிஞ்சாதவர். பள்ளிக்கூட நாளில் பெட்ரோல் பங்க் ஒன்றில் ஒரு பிக்கப் உறுமிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்தார். அன்று போன மனசு இன்னும் திரும்பவில்லை. இப்போது, ஊருக்கு வெளியே கோதுமை பயிரிடும் கெல்வின் ஃப்ரீசன் என்பவர் அதே வம்சத்தில் வந்த புது ரகம் ஒன்றை விற்கப்போவதாகக் காதில் விழுந்துவிட்டது. கருநீல நிறம். எழுநூறு குதிரைத்திறன். மணல்மேடுகளில் பாய்வதற்கென்றே கட்டிய வண்டி. காம்ரோஸில் மணல்மேடு கிடையாது.

இந்த இனம் முதலில் செய்வது வண்டியைப் பார்ப்பதல்ல, தேவையைத் தேடுவது. ஓரெஸ்ட் தெருவில் இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டு வெண்டலைப் பிடித்து, அவருடைய சோபாவை எங்காவது கொண்டுபோக வேண்டுமா என்று விசாரித்தார்.

"என் சோபாவுக்கு என்னய்யா? அது பாட்டுக்கு இருக்கு," என்றார் வெண்டல்.

"ஒருநாள் மாத்தணும்னு தோணும்ல? அப்ப என்ன பண்ணுவ?"

"அப்ப பார்த்துக்கலாம்."

"அப்ப பார்த்தா லேட்டுய்யா."

மறுவாரம் வீட்டு முன்னால் ஒரு குவியல் சரளைக்கல் வந்து இறங்கியது. எதற்கு என்று ஓரெஸ்ட்டுக்கே தெரியாது. கல் இருந்தால் அதை எங்காவது அள்ளிக்கொண்டு போக வேண்டிவரும் என்பது கணக்கு. அதைக் கொண்டுவந்து கொட்டியதே வாடகை லாரிதான் என்பதை அவருடைய மனைவி டார்லீன் கவனித்தாள். கவனித்ததோடு விட்டாள். அவள் பொறுமைசாலி.

பிறகு ஆலோசனைப் படலம். பல் டாக்டரிடம் கேட்டார், அதுவும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே. முடி வெட்டுகிறவரிடம் கேட்டார். சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடிக்கும் பெண்களிடம் கேட்டார். இணையத்தில், முன்பின் தெரியாத, சொந்தப் பெயர்கூடப் போடாத மனிதர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை வேதவாக்காகப் படித்தார். வேண்டாம் என்றவர்களுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினார். வாங்கு என்றவர்கள்மீது அதைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டார். இவ்வளவு சுலபமாகச் சொல்கிறானே, இவனுக்கு என்ன ஆதாயம்? ஆலோசனை கேட்பது பதில் வாங்குவதற்கு என்று நினைக்கிற அப்பாவியா நீங்கள்?

சனிக்கிழமை கெல்வினின் பண்ணைக்குப் போனார். வண்டி, ஹீட்டர் போட்ட கொட்டகையில், மெத்தென்ற துணி போர்த்திக்கொண்டு, வீட்டு மனுஷர்களைவிடச் சுகமாக இருந்தது. துணி விலகியதும் ஓரெஸ்ட்டின் வாய் தானாகச் சிரிக்கப் போனது. ஆனால் முகத்தில் காட்டலாமா? எங்கள் பக்கத்தில் வண்டி பார்ப்பதற்கு ஒரு முகம் இருக்கிறது, துக்க வீட்டுக்கும் அதுதான். அந்த முகத்தோடு வண்டியைச் சுற்றினார், மண்டியிட்டு அடியில் துரு தேடினார், ஆயில் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்தார், டயர் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்து "ம்ம்" என்றார். கெல்வினும் "ம்ம்" என்றார். பேரம் நல்லபடியாக ஆரம்பித்துவிட்டது.

ஓட்டிப் பார்த்தார்கள். ஆளில்லாத சரளை ரோட்டில் ஓரெஸ்ட் பெடலை ஒருமுறை, ஒரே ஒருமுறை, கடைசிவரை மிதித்தார். கெல்வினின் தொப்பி பின் சீட்டுக்குப் போனது. ஓரெஸ்ட்டின் வயிறு எங்கோ பின்னால் ரோட்டிலேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தது. வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. கொட்டகைக்குத் திரும்பி எஞ்சினை அணைத்தார்.

"பரவாயில்ல," என்றார்.

"ஆமா, பரவாயில்ல," என்றார் கெல்வின், தொப்பியைத் தேடிக்கொண்டே.

"இவ்வளவு நல்லா வச்சிருக்கியே, ஏன் விக்கிற?"

"வீட்டுக்காரி ட்ரூடி கேட்டா, இது நமக்கு எதுக்குன்னு. நானும் யோசிச்சுப் பார்த்தேன். பதில் சொல்ல வரல."

அன்று இரவு சாப்பாட்டில் டார்லீன் நேராகக் கேட்டாள். "உனக்கு அந்த வண்டி வேணுமா, ஓரெஸ்ட்?"

"வேணும்னு இல்ல. தேவைப்படுது."

"எதுக்கு?"

அவர் ஆரம்பித்தார். மார்ச் மாதப் பனி, நெடுஞ்சாலையில் குறுக்கே வரும் மான், வெண்டலின் சோபா, பழைய வண்டியானாலும் விலை இறங்காத ரகம், குப்பைக் கிடங்குக்குப் போகும் செலவு, சரளைக்கல். டார்லீன் தட்டைக் கழுவி முடிக்கும்வரை கேட்டாள்.

"இத பாரு. ஆசையா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே போய் ஓட்டிட்டு வா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரே ஒரு வார்த்தை. வண்டி கைக்கு வந்துவிடும். ஓரெஸ்ட் வாயைத் திறந்தார். காது சிவந்தது.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தா உனக்குத்தான் பாதுகாப்பு," என்றார்.

அவள் துண்டை மடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆக, காரணங்கள் போதவில்லை என்று ஓரெஸ்ட் புரிந்துகொண்டார். இன்னும் வலுவாக, இன்னும் கோர்வையாகச் சொல்ல வேண்டும். ஒத்திகை பார்க்க ஓர் ஆள் வேண்டும். வண்டியைப் பற்றிப் பேசினால் எழுந்து போகாத ஆள் ஊரில் ஒருவர்தான் மிச்சமிருந்தார். எனவே ஒவ்வொரு சனிக்கிழமையும் கெல்வினின் கொட்டகைக்குப் போய், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, வண்டியைப் பார்த்தபடி அவரிடமே காரணங்களைச் சொல்லிப் பார்த்தார். கெல்வினைப் போல் காது கொடுத்துக் கேட்கிற மனிதரைப் பார்க்க முடியாது. காபி கொடுத்தார். குறுக்கே பேசவில்லை. சில இடங்களில் நிறுத்தச் சொன்னார்.

"அந்த விலை இறங்காத விஷயம், அதை இன்னொருக்கா சொல்லு."

ஓரெஸ்ட் சொன்னார்.

"சரி, பெட்ரோல் குடிக்குமேன்னு வீட்ல கேட்டா?"

"தினமும் ஓட்டினாதானே குடிக்கும்? ஓட்டாம வச்சிருந்தா இதைவிடச் சிக்கனமான வண்டி உண்டா?"

"அட!" என்றார் கெல்வின். வாயெல்லாம் பல்.

இப்படி விற்கிறவனே தன் பேச்சில் கிறங்கி நிற்பதைக் கண்டு ஓரெஸ்ட்டுக்குத் தன்மேல் நம்பிக்கை பிறந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, கண்ணாடிக் கடையை மத்தியானமே சாத்திவிட்டு, முடிவெடுத்தே விட்டார். வாங்குவது. டார்லீனிடம் வண்டியோடு வந்து சொல்லிக்கொள்ளலாம். பண்ணைக்குள் நுழைந்தபோது வண்டி கொட்டகைக்கு வெளியே கழுவித் துடைத்து நின்றது. அதன் முன்கண்ணாடியில் இதுவரை ஒட்டியிருந்த 'விற்பனைக்கு' அட்டையைக் காணவில்லை.

"வாய்யா, வாய்யா!" கெல்வின் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீ சொன்னதெல்லாம் அப்படியே ட்ரூடிகிட்ட சொன்னேன். பனி, மான், விலை இறங்காதது, ஓட்டாம இருந்தா சிக்கனம், எல்லாம். வச்சுக்கோன்னுட்டா!"

"வச்சுக்கோன்னா?"

"விக்கலைய்யா!"

ட்ரூடி சமையலறை ஜன்னலைத் திறந்து, "உள்ள வாங்க, ஆப்பிள் பை சுட்டு வச்சிருக்கேன், சூடா இருக்கு," என்று கூப்பிட்டாள். "நாங்க இத்தனை வருஷமா அந்த மானைப் பத்தி நினைச்சே பார்க்கல பாருங்க!"

ஓரெஸ்ட் ஆப்பிள் பை சாப்பிட்டார். சாப்பிடாமல் கிளம்பினால் ஏதோ வருத்தம் என்று நினைத்துக்கொள்வார்களே. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். மினிவேனில் ஏறி, பண்ணை கண்ணுக்கு மறைந்த பிறகு ரோட்டோரம் நிறுத்தினார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் ஒரு வண்டிக்காக அழலாமா கூடாதா என்பதை நான் சொல்ல வரவில்லை. அழுதார். அது உண்மையான துக்கம்.

வீட்டில் டார்லீன் முகத்தைப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"யோசிச்சுப் பார்த்தேன். தேவையில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். பாவம், ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஆள். நீங்கள் அப்படியில்லை. போன மாதம் வாங்கிய அந்தப் பெரிய டிவி, குழந்தைகளின் படிப்புக்குத் தேவைப்பட்டது. புது போன், ஆபீஸ் வேலைக்கு. இப்போது மனசுக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அதுவும் வீட்டில் எல்லோருக்கும் பயன்படக்கூடியதுதான். நான் சந்தேகப்படவில்லை. எதற்கும் ஒருமுறை எழுந்து போய், வீட்டில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, "எனக்கு ஆசையா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். காரணம் எதுவும் சொல்லக் கூடாது.

என்ன, இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்?