தொடக்கூடாத மெஷின்

வக்கீல் தம்பி தையல் மெஷினைச் சுற்றி ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டார்.

"இனி இது சாட்சியம். தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுக்கா."

"அப்ப நான் எதுல தைக்கிறது தம்பி?" என்றாள் பட்டன் அக்கா.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. ஏழை நுகர்வோருக்காக இலவசமாக வாதாடும் சங்கத்தில் அவர் வக்கீல். அக்கா தெருவுக்கே தைத்துக் கொடுப்பவள். தவணையில் வாங்கிய புது மெஷின் முதல் வாரத்திலிருந்தே தையலை விட்டு விட்டுப் போட்டது. மெஷின் நல்லதுதான், ஓட்டுகிற கைதான் சரியில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒரே காலையில் சரி செய்து தருவதாகச் சொன்னார். சாட்சியம் அழிந்துவிடும் என்று வக்கீல் அவரை விரட்டாத குறையாக அனுப்பினார். எதிர்வீட்டுக்காரி இரக்கப்பட்டுத் தன் பழைய மெஷினை இரவல் கொடுத்தாள். அதையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அக்கா தைத்துக்கொண்டிருந்தால், நஷ்டமே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடுமாம்.

நஷ்டம் நன்றாகவே வளர்ந்தது. வாடிக்கையாளர்கள் துணிகளை வாங்கிக்கொண்டு வேறு கடை பார்த்தார்கள். வீட்டு அடுப்பு ஒருவேளையோடு ஓய்வெடுத்தது. வழக்கு வலுவாகிக்கொண்டே வருவதாக வக்கீல் சந்தோஷப்பட்டார். அவர் கெட்டவரில்லை, அதுதான் கொடுமை.

நடுவில் கம்பெனி இறங்கி வந்தது. புகாரை விட்டுவிட்டால் புது மெஷின் தருகிறோம் என்றது. வக்கீல் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் அக்காவிடம் வந்து சொன்னார்.

"பயந்துட்டாங்கக்கா. இது உங்க ஒருத்தர் கேஸ் இல்ல. உங்களை மாதிரி ஆயிரம் பேருக்கு விடிவுகாலம்."

"அந்த ஆயிரம் பேர்ல ஒருத்தராவது எனக்கு மெஷின் தருவாங்களா தம்பி?"

"ஏன் தர மாட்டாங்க?"

"ஒருத்தி தந்தா. நீங்கதான் திருப்பிக் குடுக்கச் சொன்னீங்க."

வக்கீல் அவள் தோளைத் தட்டி, பொறுமை வேண்டும் என்றார். சங்கத்தின் ஆண்டு மலருக்காக, மெஷின் பக்கத்தில் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படம் பிடிப்பவர் சிரிக்காதீர்கள் என்றார். அவள் அதற்காகத் தனியாகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

பிறகு அக்கா சங்கத்துப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். ஒரே ஒரு தடவை போனில், எங்கேயோ வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். கோர்ட்டில் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள் என்றார் வக்கீல். எங்கே வேலை என்று அவர் கேட்கவில்லை.

விசாரணை நாளன்று வக்கீல் அயர்ன் கலையாத கோட்டோடு, வாதத்தை முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நல்ல உடை, காலில் புதுச் செருப்பு. நேராகப் போய் எதிர்ப்பக்க பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

பாவம், பதற்றத்தில் இடம் தெரியவில்லை என்று வக்கீலுக்கு மனசு இளகியது. "அக்கா, நம்ம இடம் இங்க" என்று கையைக் காட்டினார். அவள் தரையைப் பார்த்தாள்.

வழக்கு எண்ணைக் கூப்பிட வந்த கோர்ட் சேவகர் குனிந்து அவர் காதோரம் சொன்னார்.

"அவங்க சரியான இடத்துலதான் சார் உட்கார்ந்திருக்காங்க. கம்பெனியில தையல் சொல்லிக்குடுக்கிற டீச்சர், மெஷின் நல்ல மெஷின்னு சாட்சி சொல்ல வந்திருக்காங்க."