மீட்டர் குழிக்கு ஏற்ற துப்பாக்கி

பீக்கோஸ், டெக்சஸ்
மே மாதம், சனிக்கிழமை

மதிப்புக்குரிய வெர்லன் மாமாவுக்கு, மார்லா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தையின் பீச் மரங்கள் காய்த்தனவா? நானும் என் பத்து விரல்களும் இன்றுவரை நலம். விரல்களைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

தண்ணீர்க் கம்பெனிக்கு நான் வீடுவீடாக மீட்டர் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். மீட்டர் தரைக்குள்ளே, இரும்பு மூடி போட்ட குழியில் கிடக்கும். வெயில் ஏறிவிட்டால், வாலை ஆட்டிச் சத்தமிடும் கிலுகிலுப்பைப் பாம்புக்கு அதைவிடக் குளிர்ந்த இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. நாங்கள் குனிந்து, மூடியைக் கையால் தூக்கி, உள்ளே கைவிட்டு மண்ணைத் துடைத்து எண்ணைப் படிக்க வேண்டும். போன மாதம் என்னோடு வேலை செய்யும் எஸ்ராவைக் கடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டான், ஆட்காட்டி விரல்தான் போயிற்று. கடித்தபோது அழாதவன் ஆஸ்பத்திரி பில் வந்தபோது அழுதான். மூடியைத் தூக்க நீளக் கொக்கியும், முழங்கால்வரை காலணியும் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மேலாளர் ஹாலிஸ், "பட்ஜெட்ல இல்லம்மா, பாத்து பதமா தூக்குங்க" என்பார். அவருடைய அறையில் மட்டும் ஏ.சி. இரண்டு. விதிப்படி கம்பெனி வண்டியில் துப்பாக்கி கூடாது. விதிப்படி பாம்புக் குழிக்குள் கையும் விடவேண்டும்.

சரி, இடுப்பில் தெரியாத அளவுக்குச் சின்னதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று, துப்பாக்கியும் விற்கும் டெல்பர்ட்டின் தீவனக் கடைக்குப் போனேன். அவர் முதலில் ரோஸ் நிறத்தில் ஒரு பிஸ்டலை எடுத்து வைத்து, "பொண்ணுங்களுக்குன்னே வந்திருக்கும்மா" என்றார். "பாம்புக்கு இந்தக் கலர் பிடிக்குமா?" என்று கேட்டேன். உள்ளே வைத்துவிட்டார். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாரும் அதற்குள் எழுந்து வந்துவிட்டார்கள். பாம்புக்குக் குண்டு உதவாது, பொடி ரவைத் தோட்டாதான், அதுவும் நாலைந்தடிக்குள் இருந்தால்தான் என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை இல்லை. பிஸ்டலில் ரவைத் தோட்டா சிக்கிக்கொள்ளும் என்றார் ஒருவர். ஐந்து தோட்டா போடும் குட்டை ரிவால்வர்தான் நம்பிக்கையானது என்றார் இன்னொருவர். அவரைப் போன வருடம் பாம்பு கடித்ததே என்று கேட்டால், அப்போது துப்பாக்கி வீட்டில் இருந்ததாம். விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். எஸ்ராதான் தன்னுடைய இரட்டைக்குழல் குட்டித் துப்பாக்கியைக் கொடுத்தான். விசையை இழுக்க அவனிடம் இனி விரல் இல்லை.

உள்ளங்கையில் அடங்கிவிடும், அது வரைக்கும் நல்லதுதான். ஆனால் விசை பழைய கதவுத் தாழ்ப்பாள்போல இறுக்கம், இழுக்க இழுக்கக் குறி நகர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஓப்பல் அம்மாள் வீட்டு மூடியைத் தூக்கினேன், உள்ளே கிலுகிலு. பின்னால் துள்ளிச் சுட்டேன். பாம்பு நிதானமாக ஏறிவந்து கள்ளிப்பக்கம் போய்விட்டது. மீட்டரின் கண்ணாடி நொறுங்கி எண்கள் நின்றுவிட்டன. ஓப்பல் அம்மாள் வாசலுக்கு வந்தார்.

"செத்துச்சா?"

"பாம்பு இல்லம்மா, மீட்டர்தான்."

"அப்ப சரியாத்தான் சுட்டிருக்க. என் தங்கச்சி வீட்டுக் குழியிலயும் ஒண்ணு கிடக்கு, வாயேன்."

மாமா, ஜனவரியில் கம்பெனி கட்டணத்தை ஏற்றியது. இப்போது நான் போகிற தெருவெல்லாம் கேட்டில் ஆட்கள் நின்று, எங்கள் குழியிலும் பாம்பு என்கிறார்கள். பாம்பைப் பார்த்தீர்களா என்றால், பில்லைப் பார்த்தோம் என்கிறார்கள். ஹாலிஸ் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு மீட்டர் போனால் என் வேலையும் போகும், கையை விட்டால் விரல் போகும். ஆகவே, குறி தவறாத துப்பாக்கிதான் எனக்கு வேண்டும். உங்கள் மேசை இழுப்பறையில் காலுறைக்கடியில் தூங்கும் ரிவால்வரை அடுத்த ஞாயிறு சர்ச்சுக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.

அத்தைக்கு முத்தம். உங்கள் கோழிகளைக் கர்த்தர் நரியிடமிருந்து காக்கட்டும்.

மார்லா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஹாலிஸ் கூப்பிட்டுவிட்டார். ஆளுக்கொரு நீளக் கொக்கி கொடுத்தார். எஸ்ராவின் விரலுக்கு வராத கொக்கி ஒரு மீட்டருக்கு நாலே நாளில் வந்துவிட்டது. எனவே உங்கள் ரிவால்வர் வேண்டாம், அது தூங்கட்டும். எஸ்ராவின் குறி தவறும் குட்டித் துப்பாக்கியையே நான் வைத்துக்கொள்கிறேன். காலணி இன்னும் வரவில்லை.