தப்பான மாடியில் பேசிய சம்பந்தம்

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த ஒருத்திக்குச் சென்னை முழுக்கத் தெரியும் என்று ஊர் நம்பிவிடும். அதை மறுத்துப் பேசினால் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். கிண்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எனக்குத் தெரிந்த சென்னை என்பது என் ஹாஸ்டல், பஸ் நிறுத்தம், ஆபீஸ், ஆபீசுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் லெமன் சாதம் விற்கும் ஓர் அக்கா. அவ்வளவுதான். ஆபீசின் முன்பக்கம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்களும், அவற்றின் கீழே கண்ணாடி ஓட்டல்களும் இருந்தன. அங்கே காபியே ஏழெட்டுப் பெயர்களில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். உள்ளே போனதில்லை. (கதவை இழுக்கணுமா தள்ளணுமா என்பதே அப்போது எனக்குப் பெரிய சந்தேகம்.)

இந்த நிலையில்தான் தினேஷ் வீட்டு வரன் வந்தது. சங்கராபுரத்துக்காரர்கள், வேளச்சேரியில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. பையனுக்கும் கிண்டியில்தான் வேலை. அவன் அம்மா எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு போன் போட்டு, "வூட்டுக்கு வந்து பஜ்ஜி, கேசரினு உங்களுக்கு எதுக்குங்க கஷ்டம்? பொதுவா ஒரு ஓட்டல்ல ஒக்காந்து சாப்பிட்டுக்கினே பேசிடலாம். பொண்ணு அங்கதான வேலை செய்யுது, நல்ல எடமா அதையே பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்கிறோம் என்று போனவைதான். தினேஷோடு போனில் ஒரு தடவை பேசியிருந்தேன். "சாம்பார் சூடா இருந்தா எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ங்க" என்றான். இப்படிப்பட்ட மனுஷனை விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

புரட்டாசி சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் சேகர் மாமாவின் வேனில் விடியுமுன் கிளம்பி வந்தார்கள். சேகர் மாமா அம்மாவின் தம்பி. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற கரியாலூர் அருவிக்கு வேன் ஓட்டுபவர். "மலைக்கு வர மெட்ராஸ்காரங்கள தெனம் பாத்துக்கினு இருக்கறேன். அவங்க பழக்கவழக்கம் எனக்குத் தெரியாததா? நீ தைரியமா இரு பாப்பா" என்றார். அம்மா விரதம், அன்றைக்குச் சைவம் மட்டும்தான். மற்ற இருவரும் அம்மாவுக்குப் பயந்து விரதம்.

போனில் தேடித் தேடி நான் பிடித்து வைத்திருந்த சைவ ஓட்டலின் முன்னால் வேன் நின்றது. ஷட்டர் மூடியிருந்தது. பக்கத்துக் கடையும் மூடியிருந்தது. அந்தத் தெரு முழுக்க ஆபீஸ்காரர்களை நம்பிக் கடை வைத்தவர்கள். ஆபீசுக்குச் சனி, ஞாயிறு லீவு என்றால் சோற்றுக்கும் லீவு. சனிக்கிழமைகளில் ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாது.

"இன்னாடி இது, ஊரே சாத்திக் கெடக்குது?" என்றார் அம்மா.

எதிர்ச் சாரியில் ஒரு பெரிய நட்சத்திர ஓட்டல் மட்டும் திறந்திருந்தது. வேறு வழியில்லை. தினேஷுக்கு அந்த ஓட்டலின் பெயரை அனுப்பி, 'எடம் மாறிடுச்சு, இங்க வந்துடுங்க' என்று எழுதினேன். அனுப்பி முடித்ததும் அம்மா போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பெண் பார்க்க வரும்போது போனை நோண்டினால் நன்றாக இருக்காதாம்.

வாசலில் நின்றவரிடம், "சாப்பாடு எங்கங்க?" என்று கேட்டேன். அவர் அப்பாவின் வேட்டியையும் தோளில் கிடந்த பச்சைத் துண்டையும் பார்த்தார். "முதல் மாடிங்க" என்று கும்பிட்டு வழி காட்டினார். கீழ்த்தளத்திலும் ஒரு சாப்பாட்டுக்கூடம் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

மாடியில் ஒரு பெரிய பச்சை இலை வரைந்த பேனர் நின்றது. அதில் ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. இலையைப் பார்த்ததுமே சுத்த சைவம் என்று நிம்மதியாகிவிட்டேன், எழுத்தைப் படிக்கவில்லை. மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, "விவசாயிங்களா சார்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"ஆமாம்மா. கச்சிராயபாளையம்."

உடனே அவர் கழுத்தில் ஒரு டேக்கை மாட்டினாள். எங்களுக்கும் ஆளுக்கொன்று. எனக்கு அது வித்தியாசமாகவே தோன்றவில்லை. கிண்டியில் கழுத்தில் டேக் இல்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. சேகர் மாமா அப்பாவின் காதருகே குனிந்து, "மாலைக்குப் பதிலா இங்க இத்தப் போடுவாங்க மாமா" என்றார்.

உள்ளே வரிசையாகச் சாப்பாடு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை காத்திருப்போம் என்று ஒரு மூலையில் உட்கார்ந்தோம். கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே நேராக எங்களிடம் வந்தார். "வாங்க ஐயா, வாங்கம்மா, ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்" என்று தட்டை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். தன் சித்தப்பாவும் வரலாம் என்று தினேஷ் சொல்லியிருந்தான். அம்மா என் தொடையில் கிள்ளி, "சித்தப்பா போல இருக்குது, தலைய குனிஞ்சிக்க" என்றார். குனிந்துகொண்டேன். அதற்குமேல் நடந்ததில் பாதிக்குமேல் நான் காதால்தான் கேட்டேன்.

எங்களுக்கும் தட்டு வந்தது. அப்பா சாப்பிடச் சாப்பிட அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விசாரித்தார்.

"எவ்வளவு நிலம் ஐயா?"

"நஞ்சை நாலு ஏக்கருங்க. கோமுகி டேம் தண்ணி. கரும்பு போட்டிருக்குது."

"வருமானம் எப்படி?"

"ஜாஸ்தினு சொல்ல முடியாதுங்க. ஆனா செய்ய வேண்டியத கொறையில்லாம செஞ்சிடுவோம்."

"பெரிய பிரச்சினைன்னு எதைச் சொல்வீங்க?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "பிரச்சினையா? அப்படி ஒண்ணும் இல்லீங்க. ஒரே பொண்ணு."

"புரியுது. அடுத்த தலைமுறையில நிலத்தைப் பார்க்க ஆளில்லைன்னு சொல்றீங்க."

"அதெல்லாம் பொறந்து பாக்கும்ங்க."

கோட்டுக்காரர் நெகிழ்ந்துபோனார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த நம்பிக்கைதான் ஐயா வேணும். இதை நீங்க மேடையில வந்து சொல்லணும்" என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மேடையா? இன்னைக்கேவா?" என்றார்.

"மெட்ராஸ்ல எல்லாம் ஸ்பீடு மாமா" என்றார் சேகர் மாமா, இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டே. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தட்டு இல்ல, பூ இல்ல, பழம் இல்ல. வெறுங்கையோட வந்துட்டு நிச்சயம் பண்றதா? பொடவையாவது நல்லதா கட்டினு வந்திருப்பனே." பையன் முகத்தையே இன்னும் காணோமே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா இன்னொரு தடவை கிள்ளினார்.

பக்கத்து ஹாலுக்கு அழைத்துப் போனார்கள். நிஜமாகவே மேடை. சோபா, பூங்கொத்து, வெளிச்சம். எதிரே நாற்காலிகள் நிறைய ஆட்கள். (மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் இவ்வளவா என்று மலைத்தேன்.) அப்பாவை நடு சோபாவில் உட்கார வைத்து மைக்கைக் கொடுத்தார்கள். நிகழ்ச்சியை நடத்திய பெண் பணிவாகக் கேட்டாள்.

"ஐயா, எங்களை மாதிரி ஆளுங்ககிட்டேர்ந்து நீங்க என்ன எதிர்பார்க்கறீங்க?"

என் அப்பா வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம். அன்றைக்கு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. நாங்க கண்ணும் கருத்துமா வளர்த்துட்டோம். மழை, வெயில் எதுவும் பாக்கல. இப்ப உங்க கைல குடுக்கப் போறோம். அதோட மதிப்பு தெரிஞ்சி வெச்சிக்கணும். எங்க பொண்ணு வேலைக்குப் போவுது, கல்யாணம் ஆனாலும் போவட்டும். அது சம்பாதிக்கறது அதுக்குத்தான், நாங்களும் கேக்கமாட்டோம், நீங்களும் கேக்கக்கூடாது. சமையலை ரெண்டு பேரும் சேந்து செய்யணும். கோவம் வந்தா ஊருக்கு போன் போடுங்க, நான் வரேன். பொண்ண மட்டும் அழ வுடாதீங்க."

நான் குனிந்த தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தேன். இதில் ஒரு வார்த்தைகூட அவர் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், கோட்டுக்காரர் தன் மைக்கை எடுத்துக் கூட்டத்துக்கு விளக்கினார்.

"ஐயா தன்னோட விளைச்சலையே பெத்த பொண்ணா நினைச்சுப் பேசறார். சந்தைக்கு அனுப்பறது அவருக்கு ஒரு கன்னிகாதானம். நம்ம செயலியை இந்த உணர்வோடதான் உருவாக்கணும்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. விளைச்சலா? செயலியா? பேனரில் இருந்த இலை என் கண்முன் வந்து நின்றது. திரும்பினால், ஹால் கதவைப் பிடித்தபடி தினேஷ். அவனுக்குப் பின்னால் அவன் அப்பா, அம்மா. கீழ்த்தளத்தில் வெகு நேரம் காத்திருந்து, போன் போட்டுப் போட்டுப் பார்த்து (அது அம்மாவின் பையில் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது), மாடி மாடியாகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தினேஷின் அப்பா மனைவியிடம், "இன்னாம்மா இது, நாம ஒக்கார்றதுக்குள்ள சம்பந்தி மைக்குப் புடிச்சி கண்டிஷன் போட்டுக்கினு இருக்கறாரு" என்று சொன்னது எனக்கே கேட்டது.

குனிந்தபடியே மேடை ஓரத்துக்கு ஓடினேன். "அப்பா, எறங்கி வாங்க. மாப்ள வூட்டுக்காரங்க அதோ கதவாண்ட நிக்கறாங்க."

அப்பா கதவைப் பார்த்தார். கோட்டுக்காரரைப் பார்த்தார். மைக்கை இன்னும் வாயருகிலேயே வைத்திருந்தார்.

"அப்ப இவுரு யாரு?"

ஒலிபெருக்கியில் அந்தக் கேள்வி ஹால் முழுக்கப் போய்விட்டு வந்தது.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உடம்பு கூசுகிறது. உண்மை தெரிந்ததும் கோட்டுக்காரர் கோபப்படவில்லை. விவசாயிகளுக்காகச் செல்போன் செயலி செய்கிற கம்பெனிக்காரர் அவர். அழைத்த விவசாயிகளில் பாதிப் பேர் வரவில்லையாம், வந்ததற்கு நன்றி என்று கும்பிட்டார். டேக்குகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே போனோம். அங்கே மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது. கழுத்துவரை நிறைந்த வயிற்றோடு நாங்கள் நால்வரும் மறுபடி முதலிலிருந்து சாப்பிட்டோம். சேகர் மாமா அதற்கப்புறம் மூன்று மாதம் பாயசத்தைத் தொடவில்லை.

தினேஷின் அம்மா சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார். இந்த வரனும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் நிமிர்ந்து, "மேல சொன்னதெல்லாம் எங்களுக்குத்தானங்க சொன்னீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல்.

"அந்த சமையல் விஷயத்த மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு அப்பதான் படியேறி மூச்சு வாங்கிக்கினு இருந்தாரு. அவுரு காதுல வுழல."

முதலில் சிரித்தது தினேஷ். அப்புறம் அவன் அப்பா. சிரிக்கிற தெம்பு எங்கள் வயிற்றில் இல்லை. தினேஷ் என் பக்கம் சாம்பார் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "சூடா இருக்குதுங்க" என்றான். நான் அதையும் ஊற்றிக்கொண்டேன்.

தை மாதம் கள்ளக்குறிச்சியில் கல்யாணம். அன்றிலிருந்து என் மாமனாருக்கு அந்த ஒரு கேள்வி போதும். வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வந்தாலும், கல்யாண ஆல்பத்தைப் பிரித்தாலும், மைக்குப் பிடித்த மாதிரி கையை வாயருகில் வைத்துக்கொண்டு, "அப்ப இவுரு யாரு?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போன வருஷம் எனக்குக் குழந்தை பிறந்தது. பையன். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அப்பா கையில்தான் முதலில் கொடுத்திருக்கிறாள். மாமனார், மாமியார், அம்மா, சேகர் மாமா எல்லோரும் சுற்றி நின்றார்களாம். அப்பா வெகு நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருவரும் கேட்காமல், தானாகவே சொல்லியிருக்கிறார்.

"அப்ப இவுரு யாரு?"