ஒன்பதாம் நாள் வந்த பதில்

அசாம் ஜாவா,
வியாழக்கிழமை காலை.

அன்பு மருமகள் விஷாலினிக்கு உடையப்பன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை கலாவதியும், என் முழங்கால் ஒன்றைத் தவிர, எல்லா வகையிலும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். உன் அலுவலகத்து மேலதிகாரிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

வேலை ஓய்வுக்குப் பிறகு மாமா வீட்டில் உட்கார்ந்து அத்தையின் உயிரை வாங்குகிறார் என்று இரக்கப்பட்டுத்தான் இந்த வேலையை எனக்குக் கொடுத்தாய். கார் வாங்குகிறவன் போல மூன்று கார் கடைகளுக்கு மின்னஞ்சல் போடவேண்டும், யார் எத்தனை நாளில் எவ்வளவு மரியாதையாகப் பதில் எழுதுகிறார்கள், அதற்குப் பிறகு விடாமல் தொடர்புகொள்கிறார்களா என்று பார்த்து இருபத்திரண்டு கேள்விக்கு மதிப்பெண் போடவேண்டும், நான் யார் என்பது மட்டும் வெளியே தெரியக்கூடாது என்றாய். உலு யாமில் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் காளியண்ணன் என்று பெயர், ஊர், சொத்து எல்லாம் நீயே கொடுத்தாய். முப்பத்தாறு வருடம் எஸ்டேட் ஆபீசில் கிராணியாக இருந்து கடிதம் எழுதியே தேய்ந்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் எல்லாம் கெட்டது.

முதல் கடைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இரண்டே நிமிடத்தில் அனுஜா என்ற பெண்ணிடமிருந்து, தங்கள் கடிதத்துக்கு மிக்க நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம் என்று பதில் வந்தது. என்ன பண்பு என்று உருகிப்போய், விரைவான பதிலுக்கு நன்றி என்று நான் எழுத, அதற்கும் இரண்டே நிமிடத்தில் நன்றி வந்தது. நன்றி சொன்ன பிள்ளையைப் பதில் இல்லாமல் விடலாமா, நான் எழுத, அவள் எழுத, சாயங்காலத்துக்குள் பதினொரு நன்றி சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவது கடிதத்தில் அவளுடைய அப்பா அம்மா யார், எந்த ஊர் என்று விசாரித்து, எங்கள் மகன் ரவீந்திரனுக்குப் பெண் பார்க்கிறோம் என்பதையும் ஜாடையாகச் சேர்த்தேன். அதற்கும், மிக்க நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம் என்று வந்ததும் அத்தையைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அவள் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். "என்னங்க, பன்னெண்டும் ஒரே மாதிரி இருக்கு. இது மெஷினு லா. மெஷினுக்கா நம்ம பையனைக் கட்டிக் குடுக்கப் போறீங்க?" என்றாள். வேகம் வேகம்தானே என்று அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் போட்டேன். புக்கிட் செந்தோசா பக்கம் இருந்த இரண்டாவது கடையிலிருந்து பதிலே இல்லை. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், இறுதி நினைவூட்டல் என்று முறைப்படி அனுப்பிய பிறகுதான், நினைவூட்டவே கூடாது என்பது நீ எழுதிக்கொடுத்த விதிகளில் ஏழாவது என்று கண்ணில் பட்டது.

இனி கோலசிலாங்கூரில் இருக்கும் மூன்றாவது கடை. இதற்காகத்தான் இந்தக் கடிதமே. அங்கே செல்லன் என்று ஒரு விற்பனையாளர். ஒன்பதாம் நாள் பதில் எழுதினார். "அங்கிள், லேட்டுக்கு மன்னிக்கணும். நீங்க கேட்ட காரு உங்க தோட்டத்துக்கு ஆகாது. மழை பேஞ்சா சேத்துல உக்காந்துரும். வேற வண்டி பாருங்க, எங்க கடையில அது இல்ல." விற்க உட்கார்ந்தவர் வாங்காதே என்று எழுதியதைப் பார்த்து எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியோடு உடனே பதில் எழுதினேன். எஸ்டேட் ஆபீசில் எந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டாலும், இத்தனை நாள் கழித்துக் கிடைத்தது என்று முதல் வரியில் எழுதி, அடியில் மேனேஜருக்கு நகல் போடுவோம். கை அதுபாட்டுக்கு அதைச் செய்துவிட்டது. 'தங்கள் பதில் ஒன்பது நாள் கழித்துக் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தேன்' என்று ஆரம்பித்து, அவர்களுடைய மேனேஜர் நடராஜாவின் முகவரியை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து, மெனக்கெட்டு நகலும் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் செல்லன் போன் செய்தார். கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "அங்கிள், பாஸுக்கு ஏன் காப்பி போட்டீங்க? எல்லார் முன்னாடியும் ஏசிட்டாரு. எங்கள யாரோ ஆள் வெச்சு சோதிக்கிறாங்களாம், யாருன்னு தெரியல. இந்த மாசம் மார்க் கொறஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாரு. யாராச்சும் வந்து கேட்டா என்னைப் பத்தி நல்லா சொல்லுங்க அங்கிள்" என்றார். சொல்கிறேன் தம்பி என்றேன். சோதிக்கிற ஆளிடமே சாட்சி சொல்லக் கேட்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை அத்தையை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடைக்கே போனேன். நடராஜாவிடம், செல்லன் தம்பி அன்றைக்கே பதில் போட்டார், நான்தான் பார்க்கவில்லை என்று ஒரு பொய் சொன்னேன். உங்கள் பெயர் என்ன என்றார். உடையப்பன் என்றேன். பிறகு காளியண்ணன் என்றேன். "எந்தப் பேரு சார் சரி?" என்றார். அத்தை, "ரெண்டும் இவருதாங்க" என்று காப்பாற்றினாள். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். பிறகு செல்லனிடம் பேசியதில்தான் தெரிந்தது, கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், பழைய ஆட்கள் இடத்தை விடமாட்டார்கள், அதனால் செல்லன் வீட்டுக்குப் போய்த் தன் போனில் ஒற்றை விரலால் தட்டித்தான் பதில் எழுதுகிறார். அத்தை காரில் ஆசைக்கு ஏறியபோது, நாங்கள் வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும், குனிந்து சீட்டைத் தள்ளி அவள் கால் நீட்ட இடம் செய்து கொடுத்தார். உன் இருபத்திரண்டு கேள்வியிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஆகவே இத்துடன் இணைத்திருக்கும் படிவத்தில் செல்லனுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். பதில் வந்த நாள் என்ற இடத்தில் 'அன்றே' என்று எழுதியிருக்கிறேன். வேலையில் நானாக எழுதிய முதல் பொய் இதுதான். இதை அப்படியே மேலே அனுப்பு. முடியாது என்றால் கிழித்துப் போடு, உண்மையை மட்டும் அனுப்பிவிடாதே. என்னால் ஒரு மனிதருடைய வேலை போகக்கூடாது அம்மா. நான் இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். மின்னஞ்சலில் போட்டால் கை யாருக்கு நகல் அனுப்புமோ என்ற பயத்தில் தபாலில் அனுப்புகிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழவேண்டும் என்று வாழ்த்தும்,
மாமா உடையப்பன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அத்தை நாங்கள் மின்னஞ்சல் பார்க்கும் டேப்லட்டோடு வந்தாள். "செல்லன் தம்பி திங்கக்கெழமையே எழுதியிருக்கான். தொறக்கவே இல்லையே நீங்க?" என்றாள். அவர் பெயரை அன்றே பார்த்தேன்தான். நன்றிக் கடிதமாக இருக்கும், படிவத்தை முடித்துவிட்டு நிதானமாகப் பதில் எழுதலாம் என்று விட்டுவைத்திருந்தேன். திறந்தோம். "அங்கிள், புதன்கெழமை பத்து மணிக்கு பாஸ் கூப்பிட்டிருக்காரு. நீங்க வந்து இன்னொரு தடவ ஒரு வார்த்தை சொன்னா என் வேலை தப்பிச்சிரும். இனிமே எல்லாத்தையும் இமெயில்லதான் அனுப்பணும்னு சொல்லிட்டாரு, அதான் போன் பண்ணல. வருவீங்களா?" இன்று வியாழன். இப்போது போன் அடித்தால் எடுக்கவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், முதலில் கடைக்கு, அங்கே இல்லையென்றால் அவர் வீட்டுக்கு. நீ அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு வேறு ஒன்று எடு. பதில் எழுத வேண்டியவர் பெயர் என்ற இடத்தில் உடையப்பன் என்று எழுது. பதில் வந்த நாள் என்ற இடத்தில், வரவில்லை என்று எழுது.